பதின்மூன்று சென்ரிமீற்றருக்குக் கீழே

பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்
எனக்கு மூன்று ஆணி, ஒரு சோடா மூடி.
பவளராணிக்குச் சட்டைப்பின் ஒன்று.
ஒவ்வொன்றுக்கும் கருவி கத்தியது,
ஒவ்வொன்றுக்கும் முழங்காலில் இருந்து
விரல் விரலாய் மண்ணைச் சுரண்டினோம்.
அம்பகாமத்துக் காட்டின் இந்த மூலையில்
நாலு சதுர மீற்றர் முடித்தால்
அது நல்ல நாள்.

பாலை மரத்தின் கீழ் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு
நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.
"இல்லையெண்டு உன்னாலை காட்ட ஏலுமோ?"
"இருக்கெண்டு சொல்லுறவள்தான் காட்டவேணும்."
"வற்றாப்பளையிலை கடல் தண்ணியிலை விளக்கெரியுது.
அது போதாதோ?"
"திரியைத் தொட்டுப் பாத்தனியோ?"
"சனத்துக்கு மேலாலை வெளிச்சம் தெரிஞ்சது."
"வெளிச்சம் எண்ணெயிலும் வரும்."

பணிசைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தபடி
கருவியைக் காட்டினாள்.
"உது கத்தாட்டி மண்ணுக்குள்ளை ஒண்டுமில்லையோ?
பிளாஸ்ரிக் வெடிக்கு உது ஒழுங்கா வாய் திறக்குமோ?"

நல்ல கேள்வி. அதற்காக அன்றிரவு நித்திரை கெட்டேன்.
அந்த நேரம் சொன்னது வேறு:
"கருவிக்குக் கேளாததெல்லாம் இருக்குதெண்டால்
இதுக்குள்ளை ஒரு யானையும் இருக்கலாம்."
"யானை இருக்குது. ராத்திரி வேலிக்கம்பியை முறிச்சது ஆர்?"
"அதுக்கு லத்தி கிடக்குது, அடி கிடக்குது.
உன்ரை அம்மாளாச்சியின்ரை காலடி ஒண்டைக் காட்டு,
நாடா பிடிச்சு அளக்கிறன்."
சிரித்துப் புரையேறி
கில்பேட் அண்ணை விசில் ஊதும்வரை இருமினாள்.

ஒன்றை மட்டும் நான் கேட்டதில்லை.
மாத்தளனில் தம்பிக்காக அவள் வைத்த நேர்த்தி.
வைகாசிக்கு வைகாசி பொங்குகிறாள்,
அவன் வராமலே.
வாதத்தை வெல்ல அது ஒன்று போதும்.
சிவப்புத் தடி நட்டுவிட்டு
விலகி நடந்தேன்.

அவளுடைய பாதையில் ஒருநாளும் பிழை பிடிபட்டதில்லை.
எல்லாரையும்விட மெதுவாக, இரண்டு தரம் பார்ப்பாள்.
"அம்மாளாச்சி காப்பா எண்டால் ஏனடி ரெண்டாந்தரம்?"
"ரெண்டாந்தரம் பார் எண்டு சொல்லுறதே அவதான்."
இப்படியொரு பதிலை என்ன செய்வது?
எதாலும் உடையாத பதில்
எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை என்றேன்.
"சொல்லாட்டி என்ன,
பின்னேரம் ரெண்டு பேரும் முழுசா வீட்டை போறம்."

ஆவணியில் காணியைக் கையளித்தோம்.
கஜரூபன் மகளைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான்:
"நிச்சயமோ?"
தாளை வாசித்தேன். பதின்மூன்று சென்ரிமீற்றர் ஆழம்வரை,
கருவியின் எல்லைக்குள், நியமங்களின்படி.
"தாளை விடுங்கோ அக்கா. நிச்சயமோ?"

அதற்குக் கீழே
இத்தனை மாரிகள் எதை எதை இறக்கின என்று
நான் பார்க்கவில்லை.
சப்பாத்தைக் கழற்றினேன்.
குறுக்காக நடந்தேன், பிறகு நெடுக்காக.

என்னிடம் சாட்சி இருந்தது.
நாலாயிரத்துச் சொச்சம் சதுர மீற்றர்,
திகதி, கையொப்பம்,
எடுத்த பதினேழு வெடிகளின் இலக்கங்கள்.
அவள் நம்புவதற்கு இப்படி ஒரு கொப்பி இல்லை.
இரண்டும் ஒன்றென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.
ஆனாலும் தாள் முடிகிற இடத்துக்கும்
குதிக்கால் ஊன்றுகிற இடத்துக்கும் நடுவில்
மயிரிழை வெளி ஒன்று கிடந்தது.
அதற்குள் எந்தக் கருவியும் போகவில்லை.
அங்கே ஆள் இருந்தது என்று எழுதினால்
பவளராணிக்குச் சந்தோசம்.
நான் கண்டது புழுதி,
கால் பட்டு மூடிக்கொண்ட தொட்டாற்சுருங்கி.

கஜரூபன் பிள்ளையை இறக்கிவிட்டான்.
அது நேரே தொட்டாற்சுருங்கிக்குப் போனது.

பக்கத்துத் துண்டில் வெறுங்காலோடு பவளராணி.
உதடு அசைந்தது.
அடியை எண்ணினேன் என்றாள் பிறகு.
நான் நம்பவில்லை.

என்னுடைய உதடும் அசைந்தது என்கிறாள்.
சாட்சி கேட்டிருக்கிறேன்.